பார்னி ஹென்றிகஸை மறக்கலாகாது

குத்துச்சண்டை என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவர் முஹம்மத் அலி. 1960 ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் அமெச்சூர் வீரராகத் தங்கம் வென்றே அவர் உலகுக்கு அறிமுகமானார். அதற்கு 22 ஆண்டுகள் முன்னரே நம் நாட்டவர் ஒருவர் கடல் கடந்து தங்கம் வென்றார் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

அவரே பார்னி ஹென்றிகஸ். பறங்கியர் சமூகத்தின் பெயர்பெற்ற குத்துச்சண்டைக் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். 1938 பெப்ரவரியில் சிட்னியில் நடைபெற்ற பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டியில் இலங்கை முதன்முறையாகப் பங்குபற்றியது. அங்கு பெதர்வெயிட் பிரிவில் அவர் வென்ற தங்கமே இலங்கைக்குக் கிட்டிய ஒரேயொரு பதக்கம்.

அதன்பின் உலகப் போர் மூண்டது. 1942, 1946 ஆம் ஆண்டுகளின் போட்டிகள் நடைபெறவில்லை. ஒலிம்பிக்கில் இலங்கை காலடி வைத்ததோ 1948 இல்தான். வெற்றியின் உச்சியில் நின்ற வீரருக்கு அடுத்த மேடை அமையவில்லை.

2010 இல் டெல்லியில் மஞ்சு வன்னியாராச்சி வென்ற தங்கம் ஊக்கமருந்துச் சர்ச்சையால் பறிபோனது. ஆகவே, 2022 பர்மிங்ஹாம் போட்டி முடிவிலும், பொதுநலவாயக் குத்துச்சண்டையில் இலங்கையின் ஒரே தங்கமாக ஹென்றிகஸின் பதக்கமே எஞ்சியிருந்தது.

சிறுபான்மைச் சமூகமொன்றிலிருந்து வந்தவர் நாட்டின் முதற் தங்கத்தை ஈட்டித் தந்தார். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை மலைச்சரிவுகளில் ஏறி இறங்கி உரமேறிய கால்கள் நம் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கும் உண்டு. அவர்களுக்கு வேண்டியவை ஒரு பயிற்றுநரும் ஒரு மேடையும். தகுந்த காலத்தில் மேடை கிட்டாத திறமை என்னவாகும் என்பதை ஹென்றிகஸின் வாழ்வே நமக்கு உணர்த்துகின்றது. ஊவாவின் கல்வி, விளையாட்டுத்துறை அதிகாரிகள் இதனைச் சிந்திப்பார்களாக.