33-வது மாடி வல்லூறும் ரேச்சல் கார்சனும்



அமெரிக்காவில் பால்டிமோர் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே நகரின் நடுவில், ஒரு கட்டடத்தின் 33-வது மாடி விளிம்பில் ஒரு வல்லூறு குடித்தனம் நடத்தியது என்றால் நம்புவீங்களா? அந்தப் பறவை அங்கே வந்ததில் நான் எழுதப்போகிற அம்மாவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அதைப் பார்க்க அவங்க உயிரோடு இல்லை.

ரேச்சல் கார்சன் 1907 மே 27-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் பிறந்தாங்க. 11 வயதில் அவங்க எழுதின கதை ஒரு சிறுவர் பத்திரிகையில் அச்சாச்சு. (நம்ம சுவர்ப் பத்திரிகைக்கு எழுதத் தயங்குறவங்க கவனிக்கவும்!) எழுத்தாளர் ஆகணும்னு கல்லூரியில் ஆங்கிலம் எடுத்தவங்க, நடுவில் உயிரியலுக்கு மாறினாங்க. 1932-ல் இதே பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் வாங்கினாங்க. 1935-ல் அப்பா இறந்துபோக, குடும்ப பாரம் அவங்க தலையில் விழுந்தது. அரசு மீன்வளத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினாங்க. கடலைப் பற்றி 1951-ல் வந்த புத்தகம் அவங்களைப் புகழ் பெற வைத்தது.

அப்போது டி.டி.டி. என்ற பூச்சிமருந்தை வயல், காடு, ஊர் என்று எங்கும் தெளித்தார்கள். பூச்சியைத் தின்ற சின்னப் பறவை உடம்பில் அந்த நஞ்சு சேரும். சின்னப் பறவைகளைத் தின்னும் வல்லூறு உடம்பிலோ பல மடங்கு சேரும். ஹாக் மவுண்டன் என்ற மலையில் வலசைப் பறவைகளை எண்ணுவார்கள். 1945-ல் ரேச்சலும் அங்கே போய்ப் பார்த்திருக்காங்க. அங்கே இளம் கழுகுகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததை, 1962-ல் வெளியான 'மௌன வசந்தம்' புத்தகத்தில் சான்றாகக் காட்டினாங்க.

மருந்துக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? அவங்களைக் கேலி செய்தார்கள், பயமுறுத்துகிறவர் என்று திட்டினார்கள். இத்தனைக்கும் எல்லா மருந்தையும் நிறுத்தணும்னு அவங்க கேட்கவில்லை. யோசிக்காமல் கொட்டாதீர்கள் என்பதுதான் அவங்க வாதம். அந்த நேரத்தில் அவங்களுக்குப் புற்றுநோய் இருந்தது. அதை வெளியில் சொல்லாமலே 1963-ல் செனட் குழு முன்னால் போய் சாட்சி சொன்னாங்க. 1964 ஏப்ரல் 14-ல், 56 வயதில் காலமானாங்க.

அந்த நேரத்தில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் குஞ்சு பொரிக்கும் பொரி வல்லூறு ஒன்றுகூட மிச்சமில்லை. காரணம் 1967-ல் தெரிந்தது. நஞ்சால் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடை தாங்காமலே உடைந்துபோனது! இதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

1972-ல் அமெரிக்க விவசாயத்தில் டி.டி.டி. தடை செய்யப்பட்டது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானிகள் வல்லூறுக் குஞ்சுகளை வளர்த்து வெளியே விட்டார்கள். அதில் ஒன்றுதான் ஸ்கார்லெட். 1970-களின் கடைசியில் பால்டிமோர் கட்டடத்தில் குடியேறிய பெண் வல்லூறு இதுதான். வல்லூறுக்கு உயர்ந்த கட்டடம் மலைப்பாறை மாதிரி. சாப்பாட்டுக்குத் தெருப் புறாக்கள் இருக்கவே இருக்கு.

நகரத்துக் குஞ்சுகளுக்கு முதல் பறத்தல்தான் பரீட்சை. ஆறு வாரத்தில் சிறகடித்துக் கிளம்பும். கண்ணாடியில் மோதும், சாலையில் விழும். சில நகரங்களில் அந்த நாட்களில் தொண்டர்கள் கீழே காவல் நின்று, விழுந்த குஞ்சை எடுத்து மறுபடி மேலே விடுகிறார்கள். தாயும் தந்தையும் இரையை ஆகாயத்திலேயே கொடுத்து வேட்டை பழக்கும். 1999-ல் பொரி வல்லூறு அழியும் பறவைகள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

ஜெயிப்போமா என்று தெரியாமலே, உடம்பு முடியாத நிலையிலும் வேலையை முடித்துவிட்டுப் போனவங்க ரேச்சல். அதனால்தான் எனக்கு அவங்களைப் பிடிக்கும்.