மக்கள் கலைஞர் பி. ரம்லி

செலாயாங்கிலிருந்து பத்துமலையைக் கடந்து, சுற்றுச்சாலை வழியே உலு கிள்ளானை நோக்கிச் சென்றால் தேசிய மிருகக்காட்சி சாலையை அடையலாம். அதற்கு அருகில்தான் மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையம் இயங்கியது. அங்கிருந்து சற்றுத் தொலைவில் செத்தாப்பாக்கில் ஒரு சாதாரண வீடு இருக்கிறது. அந்தப் படப்பிடிப்பு நிலையத்தில் உழைத்து, அந்த வீட்டில் வாழ்ந்து மறைந்தவர் பி. ரம்லி. நடிகர், இயக்குநர், கதாசிரியர், பாடகர், இசையமைப்பாளர் என ஐந்து துறைகளிலும் சிறந்து விளங்கிய அவரை மலேசியர்கள் இனவேறுபாடின்றி நேசிக்கின்றனர்.

பி. ரம்லியின் மிகச் சிறந்த படம் எது என்று கேட்டால் இரசிகர்கள் ஒரே விடையைத் தரமாட்டார்கள். தாத்தா ஒரு படத்தைச் சொல்வார். அம்மா வேறொன்றைச் சொல்வார். பேரப்பிள்ளைகளோ தொலைக்காட்சியில் பார்த்துச் சிரித்த நகைச்சுவைப் படத்தைச் சொல்வார்கள். அனைத்துலக விருது பெற்ற படமே சிறந்தது என்று சிலர் வாதிடுவர். விருது பெறாத படத்தில்தான் அவருடைய உண்மையான திறமை வெளிப்பட்டது என்று வேறு சிலர் மறுப்பர். அவருடைய வாழ்க்கையை அறிந்துகொண்டால் இந்த விவாதத்தின் பொருள் நமக்குத் தெளிவாகும்.

பி. ரம்லி 1929-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். அவருடைய இயற்பெயர் தெங்கு சக்காரியா. தந்தை தெங்கு ஞாக் புத்தே சுமத்ராவின் ஆச்சே பகுதியிலிருந்து வந்தவர். தாயார் சே மா, பட்டர்வொர்த் வட்டாரத்தைச் சேர்ந்தவர். தந்தையின் பெயரிலுள்ள புத்தே என்பதன் முதல் எழுத்தையே பின்னாளில் ரம்லி என்னும் பெயருக்கு முன் அவர் சேர்த்துக்கொண்டார். பினாங்கு பிரீ பள்ளியில் அவர் பயின்றார். ஜப்பானியர் ஆட்சியின்போது அவருடைய கல்வி தடைபட்டது. ஆயினும், இசையின்மீது அவர் கொண்ட நாட்டம் குறையவில்லை. உக்குலேலே, வயலின், பியானோ எனப் பல கருவிகளை வாசிக்கக் கற்றுக்கொண்டார். போர் முடிந்த பின் பாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டார். 1947-ஆம் ஆண்டு வட மாநிலப் பாடகர்களுக்கான போட்டியில் முதல் பரிசை வென்றார்.

1948-ஆம் ஆண்டு புக்கிட் மெர்தாஜாமில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் அவர் பாடினார். மலாய்த் திரைப்பட இயக்குநரான பி. எஸ். ராஜ்ஹன்ஸ் அந்தப் பாடலைக் கேட்டார். அந்தக் குரல் அவரைக் கவர்ந்தது. அவருடைய அழைப்பை ஏற்று, பத்தொன்பது வயது இளைஞர் சிங்கப்பூருக்குப் புறப்பட்டார். அங்கு ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்பு நிலையம் இருந்தது. அதே ஆண்டில் வெளிவந்த ‘சிந்தா’ படத்தில் அவருக்குக் கதாநாயகன் வேடம் கிடைக்கவில்லை. வில்லன் வேடமே கிடைத்தது. கதாநாயகனுக்குத் திரைக்குப் பின்னாலிருந்து பாடியவரும் அவரே. அழகான முகம் இருந்தால்தான் கதாநாயகனாக முடியும் என்று பலர் நம்பிய காலம் அது. ரம்லியின் முகத்தில் அம்மைத் தழும்பு போன்ற பருக்குழிகள் இருந்தன. எனவே, அவர் பாடகராகவும் துணை நடிகராகவுமே நீடிப்பார் என்று எண்ணியவர்கள் இருந்தனர்.

அந்த எண்ணத்தை மாற்றியவர் ஒரு தமிழர் என்பது நாம் அறியவேண்டிய செய்தி. அக்காலத்தில் மலாய்ப் படங்களை இயக்கப் பெரும்பாலும் இந்திய இயக்குநர்களே அமர்த்தப்பட்டனர். அவர்களுள் ஒருவர் எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த அவர், 1950-ஆம் ஆண்டு ‘பாக்தி’ என்னும் படத்தை இயக்கினார். அப்படத்தில் ரம்லியையே கதாநாயகனாக நடிக்கச் செய்தார். ரம்லி தம் சொந்தக் குரலிலேயே பாடவும் செய்தார். நடிப்பவரே பாடும்போது உதட்டசைவும் உணர்ச்சியும் ஒன்றாகப் பொருந்தின. மக்கள் அதை விரும்பினர். இப்படித் தமிழரான ஓர் இயக்குநர் வைத்த நம்பிக்கையால் மலாய்த் திரையுலகுக்கு ஒரு கதாநாயகன் கிடைத்தார்.

நடித்துக்கொண்டிருந்த காலத்தில் ரம்லி வெறும் நடிகராக மட்டும் இருக்கவில்லை. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, திரைக்கதை ஆகியவற்றையும் உற்றுக் கவனித்துக் கற்றார். 1955-ஆம் ஆண்டு ‘பெனாரெக் பெச்சா’ என்ற படத்தை அவரே இயக்கினார். திரிசக்கர வண்டி இழுக்கும் ஏழை இளைஞன் ஒருவனுக்கும் பணக்காரர் மகளுக்கும் இடையே மலரும் அன்பே அதன் கதை. வியர்வை சிந்தி உழைப்பவனைத் திரையின் நடுவில் நிறுத்திய அப்படம், சாமானிய மக்களின் உள்ளத்தைத் தொட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறுதான்.

அடுத்த சில ஆண்டுகள் அவருடைய பொற்காலம் எனலாம். 1956-ஆம் ஆண்டு ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் ‘ஹங் துவா’ படத்தின் இசைக்காக அவர் விருது பெற்றார். 1957-ஆம் ஆண்டு தோக்கியோவில் நடந்த விழாவில் ‘அனாக்கு சசாலி’ படத்திற்காகச் சிறந்த நடிகர் விருது அவரைத் தேடி வந்தது. இவ்விரு படங்களையும் பணி மஜும்தார் என்னும் வங்காள இயக்குநர் இயக்கினார்.

‘அனாக்கு சசாலி’ படத்தில் ரம்லி தந்தையாகவும் மகனாகவும் இரண்டு வேடங்களில் நடித்தார். மகன் கேட்டதையெல்லாம் கொடுத்துச் செல்லமாக வளர்க்கும் தந்தை ஒருபுறம். அந்தச் செல்லத்தாலேயே கெட்டுக் குற்றவாளியாகும் மகன் மறுபுறம். இறுதியில் தம் மகனைத் தாமே காவல்துறையிடம் ஒப்படைக்கும் நிலைக்குத் தந்தை தள்ளப்படுகிறார். முப்பது வயதைக்கூட எட்டாத ஒருவர், முதிய தந்தையின் தளர்ந்த நடையையும் நடுங்கும் குரலையும் காட்டினார். அடுத்த காட்சியிலேயே திமிர் பிடித்த இளைஞனாகவும் மாறினார். அவருடைய நடிப்பின் சிகரம் இதுவே என்று வாதிடும் இரசிகர்களின் கருத்து வலுவானது.

சிரிக்க வைப்பது அழ வைப்பதைவிடக் கடினம் என்று கருதுவோர் வேறு படங்களைச் சுட்டுவர். ‘பெண்டேக்கார் பூஜாங் லாப்போக்’ படத்தில் மூன்று திருமணமாகாத நண்பர்கள் சிலாட் கற்கச் செல்கின்றனர். எழுதப் படிக்கத் தெரியாத அவர்கள் வகுப்பில் அமர்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கும் காட்சியை இன்றும் பலர் நினைத்துச் சிரிக்கின்றனர். அந்தச் சிரிப்புக்குள் கல்வியின் தேவை பற்றிய ஒரு கருத்தும் மறைந்திருக்கிறது. 1959-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் அது சிறந்த நகைச்சுவைப் படமாகத் தேர்வு பெற்றது. மறு ஆண்டு ‘நுஜூம் பாக் பெலாலாங்’ படமும், 1964-ஆம் ஆண்டு ‘மாடு தீகா’ படமும் அதே சிறப்பைப் பெற்றன.

இன்னும் சிலர் 1962-இல் வெளிவந்த ‘இபு மெர்துவாக்கு’ படத்தையே முதலிடத்தில் வைப்பர். இதன் பொருள் ‘என் மாமியார்’ என்பதாகும். சாக்சபோன் வாசிக்கும் ஏழைக் கலைஞன் காசிம் செலாமாட்டைப் பணக்கார மாமியார் வெறுக்கிறார். அவருடைய சூழ்ச்சியால் அவன் மனைவியை இழந்து பார்வையையும் இழக்கிறான். கலைஞனுக்குச் சமுதாயம் தரும் மதிப்பு என்ன என்ற கேள்வியை அப்படம் எழுப்பியது. 1963-ஆம் ஆண்டு தோக்கியோ விழாவில் பல்துறைத் திறனாளர் என்ற சிறப்பு விருது அப்படத்தின்வழி ரம்லிக்கு வழங்கப்பட்டது. ஒரே படத்தில் இயக்கம், நடிப்பு, இசை, பாடல் ஆகிய அனைத்தையும் ஒருவரே செய்ததற்குக் கிடைத்த அங்கீகாரம் அது.

விருதுகள் குவிந்த நிலையில், 1964-ஆம் ஆண்டு ரம்லி சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார். உலு கிள்ளானிலுள்ள மெர்டேக்கா நிலையத்தில் புதிய வாழ்க்கையைத் தொடங்கினார். அடுத்த எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது படங்களை அவர் இயக்கினார். பகலில் ஆசிரியராகவும் இரவில் பாடகராகவும் வாழும் ஒருவரின் கதையைக் கூறும் ‘மாசாம்-மாசாம் மானிஸ்’ அவற்றுள் ஒன்று.

1968-இல் வெளிவந்த ‘கெரிமிஸ்’ நமக்கு நெருக்கமான படம். மலாய் இளைஞன் ஒருவனும் லீலா என்ற இந்தியப் பெண்ணும் அன்பு கொண்டு மணம்புரிகின்றனர். இரு குடும்பத்தாரும் அதனை எதிர்க்கின்றனர். சந்திரா சண்முகம் என்னும் நடிகை லீலாவாக நடித்தார். பல இனத்தார் சேர்ந்து வாழும் நாட்டில், பலர் பேசத் தயங்கிய ஒன்றை ரம்லி திரைக்குக் கொண்டு வந்தார். அனைத்துலக விருது எதையும் பெறாவிட்டாலும், துணிவு என்ற அளவுகோலால் அளந்தால் அப்படம் எந்தப் படத்திற்கும் குறைந்ததன்று.

எனினும், கோலாலம்பூர்க் காலத்துப் படங்கள் சிங்கப்பூர்க் காலத்துப் படங்களுக்கு ஈடாகவில்லை என்று அன்றே பலர் குறை கூறினர். இந்தக் குறையில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், அதன் காரணங்களையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஜாலான் அம்பாஸில் பல ஆண்டுகள் பழகிய கலைஞர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் அவருடன் இருந்தனர். மெர்டேக்காவில் வசதிகள் குறைவு; செலவிடப்பட்ட பணமும் குறைவு. படங்களை விரைவாக முடிக்க வேண்டியிருந்தது. அதே வேளையில், வெளிநாட்டு வண்ணப் படங்கள் திரையரங்குகளை நிறைத்தன. தொலைக்காட்சியும் வீடுகளுக்குள் நுழைந்தது. இளைஞர்களின் இசை விருப்பமும் மாறியது. கறுப்பு வெள்ளைப் படங்களைக் காணவரும் கூட்டம் குறைந்தது. நிலம் வறண்ட பின் விளைச்சல் குறைந்தால் உழவனை மட்டும் குறை சொல்வது முறையாகுமா?

1972-இல் வெளிவந்த ‘லக்சமானா டோ ரே மி’ அவருடைய கடைசிப் படமாக அமைந்தது. அதன் பிறகு புதிய வாய்ப்புகள் எளிதில் கிடைக்கவில்லை. பணநெருக்கடி அவரையும், பாடகியான அவருடைய துணைவியார் சலோமாவையும் வாட்டியது. ஆனாலும், அவர் பாடல்கள் எழுதுவதை நிறுத்தவில்லை. கோலாலம்பூரில் கண்ணீர் என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்ட பாடல், அவர் இறுதிக் காலத்தில் இசையமைத்ததாகும்.

1973-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் மாரடைப்பால் அவருடைய உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. அவருடைய உடல் ஜாலான் அம்பாங் முஸ்லிம் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. ஆசிய விழாக்களில் பலமுறை மேடையேறிய கலைஞர், தம் சொந்த நாட்டின் திரைப்பட விழா எதையும் காணாமலேயே மறைந்தார். மலேசியத் திரைப்பட விழா முதன்முதலாக நடத்தப்பட்டது 1980-ஆம் ஆண்டில்தான்.

அவர் மறைந்த பின்னர் சிறப்புகள் வரிசையாக வந்தன. அவர் வாழ்ந்த செத்தாப்பாக் வீடு 1986-ஆம் ஆண்டு நினைவகமாகத் திறக்கப்பட்டது. பினாங்கில் அவர் பிறந்த வீடும் பாதுகாக்கப்படுகிறது. கோலாலம்பூரின் முக்கியச் சாலை ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. 1990-ஆம் ஆண்டு அவருக்கு டான் ஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மாபெரும் கலைஞர் என்ற பொருள் தரும் ‘செனிமான் அகோங்’ என்ற அடைமொழியால் நாடு அவரை அழைக்கிறது. இவை அனைத்தும் அவருக்கு உரியவையே. ஆனால், இவற்றுள் எதனையும் அவர் தம் கண்ணால் காணவில்லை.

இப்போது தொடக்கத்தில் கண்ட கேள்விக்குத் திரும்புவோம். பி. ரம்லியின் சிறந்த படம் எது? நடுவர்கள் தந்த விருதுகள் ஒரு விடையைக் கூறுகின்றன. மக்களின் நினைவு பல விடைகளைக் கூறுகிறது. விருது என்பது ஓர் ஆண்டில் ஒரு விழாவில் சிலர் கூடி எடுக்கும் முடிவு. மக்களோ அவருடைய படங்களை ஆண்டுதோறும் மீண்டும் பார்த்து, மீண்டும் தம் முடிவைச் சொல்கின்றனர். பெருநாள் விடுமுறையில் அவருடைய படம் ஒளிபரப்பாகும்போது, செலாயாங்கின் அடுக்குமாடி வீடுகளில் மலாய்க்காரரும் தமிழரும் சீனரும் ஒரே காட்சியில் சிரித்து, ஒரே காட்சியில் கண்கலங்குகின்றனர். அந்தப் பாராட்டுக்கு முடிவு நாள் இல்லை.

மாணவர்களே, உங்களுக்குப் பிடித்த நடிகரைப் பற்றி நண்பர்களுடன் விவாதியுங்கள். யாருடைய நடிப்பு சிறந்தது, யாருக்கு விருது கிடைத்திருக்க வேண்டும் என்றும் பேசுங்கள். அது நல்ல இரசனையின் அடையாளமே. அதனுடன் ஒன்றை மட்டும் மறவாதீர்கள். பாராட்டத் தகுந்தவர் உங்கள் பள்ளியில் பாடும் தோழராக இருந்தாலும், ஊர்க் கோயில் திருவிழாவில் மேளம் வாசிப்பவராக இருந்தாலும், அவர் காதில் விழும்படி இன்றே பாராட்டுங்கள். கலைஞர் மறைந்த பின் எழுப்பும் நினைவகத்தைவிட, அவர் வாழும்போது சொல்லும் ஒரு நல்ல சொல் அவருக்குப் பெரிது.