கரும்புத் தோட்டத்திலிருந்து ஆஸ்லோவுக்கு

குழந்தைகளே, அமைதிக்கான நோபல் பரிசை முதன்முதலில் பெற்ற ஆப்பிரிக்கர் யார் தெரியுமா? உங்களில் பலர் உடனே நெல்சன் மண்டேலா என்பீர்கள். மண்டேலாவுக்கு அந்தப் பரிசு கிடைத்தது 1993ஆம் ஆண்டில். அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே அதை வாங்கியவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு பள்ளி ஆசிரியர். கரும்பு விவசாயி. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பிரசங்கம் செய்தவர். பெயர் ஆல்பர்ட் லுத்துலி. இவர் ஒருமுறை நம் தாம்பரத்துக்கும் வந்து போயிருக்கிறார். அந்தக் கதை பின்னால் வருகிறது.

லுத்துலி பிறந்தது இன்றைய ஜிம்பாப்வே நாட்டில், புலவாயோ நகருக்கு அருகில். அட்லஸ் இருந்தால் எடுத்துப் பாருங்கள், தென்னாப்பிரிக்காவுக்கு நேர் வடக்கே இருக்கும். பிறந்த தேதியை யாரும் எழுதி வைக்கவில்லை. 1898ஆக இருக்கலாம் என்று பிற்காலத்தில் அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். அப்பா அங்கே ஒரு கிறிஸ்தவ மிஷனில் மொழிபெயர்ப்பாளராகவும் ஊழியராகவும் இருந்தார். ஆல்பர்ட் கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் இறந்துவிட்டார்.

அம்மாவின் பெயர் ம்டோன்யா. ஜூலு மன்னரின் அரண்மனையில் வளர்ந்தவர். ஆனால் விதவையான பிறகு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மகனுக்குப் பத்து வயதிருக்கும்போது, படிக்க வைப்பதற்காக அவனைச் சொந்த ஊரான கிரௌட்வில்லுக்கு அனுப்பினார். டர்பன் துறைமுகத்துக்கு வடக்கே, உம்வோட்டி ஆற்றங்கரையில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது அந்த ஊர். பின்பு அம்மாவும் அங்கே வந்து சேர்ந்தார். காய்கறி பயிரிட்டு விற்றார். வெள்ளைக்காரர் வீட்டுத் துணிகளை வெளுத்துக் கொடுத்தார். அந்தக் காசில்தான் ஆல்பர்ட் படித்தார்.

அந்தக் காலத்தில் தென்னாப்பிரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகள் படிக்க வேண்டுமானால், பெரும்பாலும் சபைகள் நடத்திய மிஷன் பள்ளிகள்தான் கதி. மண்டேலா படித்ததும் அப்படிப்பட்ட பள்ளிகளில்தான். ஆல்பர்ட் அங்கே ஆசிரியர் பயிற்சி முடித்து, முதலில் ஒரு சிறிய கிராமப் பள்ளிக்குப் போனார். தலைமை ஆசிரியரும் அவரே, மற்ற ஆசிரியரும் அவரே! அந்த ஊரில் இருந்தபோதுதான் அவருடைய பக்தி ஆழமானது. தேவாலயத்தில் பிரசங்கம் செய்யும் உரிமையும் அங்கே கிடைத்தது. பாதிரியார் ஆகவில்லை. கடைசி வரை சாதாரண சபை உறுப்பினராகவே இருந்து பிரசங்கம் செய்தார்.

அதன்பின் ஆடம்ஸ் கல்லூரி. அமெரிக்க மிஷனரிகள் 1853இல் தொடங்கிய புகழ்பெற்ற பள்ளி அது. மேற்படிப்புக்காகச் சென்றவரை அங்கேயே ஆசிரியராக வைத்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்க உதவித்தொகை கிடைத்தும் லுத்துலி போகவில்லை. அம்மா இனியும் துணி வெளுத்துக் கஷ்டப்படக் கூடாது, தன் சம்பளம் வீட்டுக்கு வேண்டும் என்று நினைத்தார். ஏறத்தாழ 15 ஆண்டுகள் அங்கே வருங்கால ஆசிரியர்களுக்குப் பாடம் சொன்னார். பாடகர் குழுவை நடத்தினார். கால்பந்து என்றால் அவருக்கு உயிர். தன்னைப் போலவே ஆசிரியையாக இருந்த நோகுகான்யாவை 1927இல் திருமணம் செய்துகொண்டார். ஏழு பிள்ளைகள் பிறந்தார்கள்.

நிம்மதியான வாழ்க்கை. அதைக் கலைக்க 1933இல் கிரௌட்வில்லிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்த ஊரில் தலைவர் பதவி பரம்பரைச் சொத்து அல்ல, மக்கள் தேர்ந்தெடுப்பது. லுத்துலி வந்து தலைவராக வேண்டும் என்று கேட்டார்கள். சம்பளம் குறையும். பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் யோசித்தார். 1935 கடைசியில் சம்மதித்தார்.

சுமார் 5,000 பேருக்கு அவர் தலைவர். ஊர்ச் சண்டைகளை விசாரித்துத் தீர்ப்பார். சிறு கரும்பு விவசாயிகளை ஒரு சங்கமாகச் சேர்த்தார். ஊர்க் கூட்டங்களுக்குப் பெண்களும் வரலாம் என்றார். வகுப்பறையில் இருந்தவரை தெரியாத பல விஷயங்கள் இப்போது கண்ணுக்குத் தெரிந்தன. நாட்டில் பெரும்பான்மையோர் கறுப்பின மக்கள். ஆனால் அவர்கள் நிலம் வாங்கச் சட்டம் அனுமதித்த பகுதி மொத்த நாட்டில் 13 சதவீதத்துக்கு மேல் இல்லை. தகப்பனுக்கு இருந்த துண்டு நிலத்தை நான்கு மகன்கள் பங்கு போட்டால் என்ன மிஞ்சும்? பிழைப்பு தேடிச் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் போனார்கள். வழியில் பாஸ் புத்தகம் கையில் இல்லையென்றால் போலீஸ் பிடித்துச் சிறையில் அடைத்தது.

இந்தச் சமயத்தில்தான் தாம்பரம் பயணம். 1938 டிசம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. கல்லூரி தாம்பரத்துக்கு இடம் மாறி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து வந்திருந்தார்கள். தென்னாப்பிரிக்கக் குழுவில் லுத்துலியும் கப்பலேறி வந்தார். மாநாட்டில் முக்கியப் பங்கு வகித்தவர்களில் ஒருவர் பிஷப் அசரியா. தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில் பிறந்த தமிழர். ஆங்கிலிகன் சபையின் முதல் இந்திய பிஷப்பாக 1912லேயே பொறுப்பேற்றவர். தென்னாப்பிரிக்காவிலோ அதே சபையில் ஒரு கறுப்பின பிஷப் வர 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லுத்துலியின் பார்வை விரிந்ததற்கு இந்தப் பயணமும் ஒரு காரணம். 1948இல் அமெரிக்கா சென்று பல மாதங்கள் தேவாலயங்களில் பேசினார்.

அதே 1948இல் தென்னாப்பிரிக்காவில் ஆட்சி மாறியது. வெள்ளையர் தனி, கறுப்பர் தனி, இந்தியர் தனி என்று எல்லாவற்றையும் பிரிக்கும் நிறவெறிக் கொள்கை சட்டமானது. அதற்கு 'அபார்தைட்' என்று பெயர். பஸ், பெஞ்சு, கடற்கரை, குடியிருப்பு எல்லாமே தனித்தனி. இதைக் கொண்டுவந்த பிரதமர் மலான் யார் தெரியுமா? அரசியலுக்கு வருமுன் அவர் ஒரு பாதிரியார்! அவர் சார்ந்திருந்த டச்சு சீர்திருத்த சபை, மனிதர்களை இப்படிப் பிரிப்பது கடவுளின் சித்தமே என்று பைபிளைக் காட்டி நியாயம் சொன்னது.

லுத்துலியும் அதே பைபிளைத்தான் படித்தார். கடவுள் தன் சாயலில் மனிதரைப் படைத்தார் என்று அதன் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. அதில் வெள்ளை, கறுப்பு என்ற பேச்சு இல்லை. ஒரு மனிதனைத் தாழ்த்துவது கடவுளின் சாயலையே தாழ்த்துவது என்பது அவர் கருத்து. ஞாயிறன்று இதைப் பிரசங்கித்துவிட்டுத் திங்களன்று சும்மா இருக்க அவரால் முடியவில்லை. 1944இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசில் சேர்ந்தார். 1951இல் நேட்டால் மாகாணத் தலைவரானார். அங்கே இந்திய வம்சாவளியினரின் காங்கிரசுக்குத் தலைவராக இருந்த டாக்டர் மான்டி நாயக்கரும் அவரும் தோளோடு தோள் நின்றார்கள். நேட்டால் இந்திய காங்கிரஸ் என்ற அந்த அமைப்பு, 1894இல் காந்திஜி தொடங்கியது.

1952இல் ஒரு பெரிய அறப்போராட்டம் நடந்தது. வெள்ளையர்க்கு மட்டும் என்று எழுதிய வாசலில் நுழைவார்கள். பாஸ் இல்லாமல் நடப்பார்கள். போலீஸ் வந்தால் எதிர்க்காமல் சிறைக்குப் போவார்கள். 8,000க்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். அரசு லுத்துலியைக் கூப்பிட்டு நிபந்தனை போட்டது. கிராமத் தலைவராக இருக்கலாம், இல்லையென்றால் காங்கிரசில் இருக்கலாம். இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டும்.

லுத்துலி இரண்டையும் விட மறுத்தார். இரண்டுமே மக்கள் தந்த பொறுப்பு, இரண்டும் ஒரே வேலைதான் என்றார். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 17 ஆண்டுகளாகச் செய்த வேலை, அதன் சம்பளம், மரியாதை எல்லாம் போய்விடும் என்று தெரிந்தேதான் மறுத்தார். நவம்பரில் அரசு அவரைப் பதவி நீக்கம் செய்தது. அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். விடுதலைக்குப் போகிறவன் சிலுவையையும் சுமக்கத்தான் வேண்டும் என்பது அதன் சாரம். மறுமாதமே காங்கிரஸ் அவரை நாடு முழுமைக்கும் தலைவராக்கியது! ஊர் மக்களோ கடைசி வரை அவரைத் தலைவர் என்றே அழைத்தார்கள்.

அதன்பின் தடைமேல் தடை. கூட்டத்தில் பேசக் கூடாது, ஊரை விட்டு வெளியே போகக் கூடாது. 1953இல் வந்த ஒரு சட்டம் ஆசிரியரான அவரை மிகவும் வருத்தியது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு, வெள்ளையரிடம் கூலி வேலை செய்யும் அளவுக்குக் கல்வி போதும் என்ற எண்ணத்தில் வந்த சட்டம் அது. மிஷன் பள்ளிகளை அரசிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். மறுத்தால் மானியம் நிறுத்தப்படும். பல சபைகள் ஒப்படைத்துவிட்டன. கத்தோலிக்க சபை மானியமில்லாமலே நடத்திப் பார்த்தது. ஆடம்ஸ் கல்லூரி 1956இல் பறிபோனது. பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள்.

சபைகள் எப்போதும் பேசாமல் இருந்தன என்று சொல்ல முடியாது. வெள்ளையர் பகுதியில் உள்ள தேவாலயத்துக்குக் கறுப்பின மக்கள் போவதைத் தடுக்க 1957இல் ஒரு மசோதா வந்தது. இதற்கு நாங்கள் கீழ்ப்படிய மாட்டோம் என்று கேப்டவுன் பேராயர் கிளேட்டன் பிரதமருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வயதானவர். மறுநாளே மாரடைப்பில் இறந்துபோனார். ஆனால் இப்படித் துணிந்தவர்கள் குறைவு. மக்கள் துன்பப்படும்போது சபை ஒதுங்கி நின்றால், இளைஞர்கள் சபையை விட்டே ஒதுங்கிவிடுவார்கள் என்று லுத்துலி கவலைப்பட்டார்.

அப்போது அவரே தேசத்துரோக வழக்கில் சிக்கியிருந்தார். 1956 டிசம்பரில் 156 பேர் கைதானார்கள். கறுப்பர், இந்தியர், வெள்ளையர் எல்லாரும் அதில் உண்டு. மண்டேலாவும் உண்டு. ஓராண்டுக்குப் பின் லுத்துலியை விடுவித்தார்கள்.

1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில் என்ற ஊரில், பாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூடிய கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். ஐந்து நாள் கழித்து லுத்துலி எல்லார் முன்னிலையிலும் தன் பாஸ் புத்தகத்தைத் தீயிட்டுக் கொளுத்தினார். கைது செய்தார்கள். சிறையில் ஒரு காவலர் அவரைக் கன்னத்தில் அறைந்தார். அப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். ரத்தக் கொதிப்பு வேறு. காங்கிரசையும் அரசு தடை செய்தது.

கிரௌட்வில்லில் அடைபட்டிருந்த அவரைத் தேடி 1961 அக்டோபரில் நோபல் செய்தி வந்தது. 1960ஆம் ஆண்டுக்கான பரிசு அது, ஓராண்டு தள்ளி அறிவித்தார்கள். இவர் இதற்குத் தகுதியானவர் அல்லர் என்று தென்னாப்பிரிக்க அரசு சொல்லியது. உலகமே பார்க்கிறதே என்று பத்து நாளுக்கு மட்டும் வெளிநாடு போக அனுமதித்தது. நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் டிசம்பர் 10ஆம் தேதி, ஜூலு மக்களின் பாரம்பரியத் தலையணியும் கழுத்தணியும் அணிந்து பரிசு பெற்றார். அரசு பறித்த பதவிக்குரிய கோலம்! மறுநாள் உரை முடிந்ததும், ஆப்பிரிக்காவுக்கு இறைவனின் ஆசி வேண்டும் ஒரு தேவாலயப் பாடலைப் பாடினார். மிஷன் பள்ளி ஆசிரியர் ஒருவர் 1897இல் இயற்றிய பாடல். இன்று அது தென்னாப்பிரிக்க தேசிய கீதத்தின் ஒரு பகுதி.

பரிசுப் பணத்தில் அண்டை நாடான சுவாசிலாந்தில் பண்ணைகள் வாங்கினார். இன்று அந்த நாட்டின் பெயர் எஸ்வாட்டினி. நாட்டை விட்டுத் தப்பி வந்தவர்களுக்கு உதவத்தான் அந்தப் பண்ணைகள். ஆண்டில் பல மாதங்கள் அங்கே போய் உழைத்தவர் நோகுகான்யா.

லுத்துலி ஆஸ்லோவிலிருந்து திரும்பிய சில நாட்களிலேயே, அமைதி வழியில் நம்பிக்கை இழந்த மண்டேலாவும் தோழர்களும் ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கினார்கள். லுத்துலியின் வழி அதுவல்ல. ஆனாலும் 1964இல் அவர்களுக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது, அவர்களைக் குறை சொல்ல அவர் மறுத்துவிட்டார். கதவுகளை எல்லாம் அடைத்தது அரசுதானே என்றார்.

1962இல் வந்த சட்டப்படி, லுத்துலி பேசியதையோ எழுதியதையோ தென்னாப்பிரிக்காவில் யாரும் அச்சிடக் கூடாது. அச்சிட்டால் சிறை. அதே ஆண்டில் வெளியான சுயசரிதைக்கு, எகிப்து மன்னனிடம் மோசே வைத்த கோரிக்கையையே அவர் தலைப்பாக வைத்திருந்தார். 1966இல் அமெரிக்க செனட்டர் ராபர்ட் கென்னடி ஹெலிகாப்டரில் கிரௌட்வில் வந்து அவரைப் பார்த்துப் போனார்.

1967 ஜூலை 21. காலையில் வீட்டிலிருந்து கிளம்பிய லுத்துலி, ஆற்றுப் பாலத்துத் தண்டவாளத்தருகே படுகாயங்களோடு கிடந்தார். அன்றே உயிர் பிரிந்தது. சரக்கு ரயில் மோதியது, விபத்து என்று அந்த ஆண்டே விசாரணையை முடித்துவிட்டார்கள். குடும்பத்தார் நம்பவில்லை. பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது. 2025 அக்டோபர் 30 அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ரயில் விபத்து அல்ல, பாதுகாப்புப் போலீசார் ரயில்வே ஊழியர்களோடு சேர்ந்து தாக்கியதில்தான் அவர் இறந்தார் என்றது அந்தத் தீர்ப்பு. 58 ஆண்டுகளுக்குப் பிறகு!

1994இல் எல்லாரும் வாக்களித்த முதல் தேர்தலைப் பார்த்துவிட்ட நோகுகான்யா, 1996இல் காலமானார். இந்தத் தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை. கிரௌட்வில்லில் அவர்கள் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். அருகே உள்ள தேவாலய வளாகத்தில் லுத்துலியின் கல்லறை இருக்கிறது.