அனந்தராமகிருஷ்ணன்: டிராக்டர் கம்பெனி தந்தவர்... வாரிசுகளுக்குக் காத்திருந்த வரி என்ன?

நெல்லையில் இருந்து ரயிலில் குற்றால சீசனுக்குப் போறவங்க ஆழ்வார்குறிச்சியைத் தாண்டித்தான் தென்காசி போகணும். அந்த ஊர்க்காரர்தான் தொழிலதிபர் எஸ்.அனந்தராமகிருஷ்ணன். பிறந்தது 1905-ல்.

சென்னையில் வெள்ளைக்காரர்களின் சிம்சன் நிறுவனத்தில் சேர்ந்து, அதன் தலைவராகவே உயர்ந்தார். 1938-ல் உருவான அமால்கமேஷன்ஸ் என்ற தாய் நிறுவனத்தின் கீழ் அடிசன், ஹிக்கின்பாதம்ஸ், இந்தியா பிஸ்டன்ஸ் எனப் பல கம்பெனிகள் வந்தன. 1960-ல் டஃபே டிராக்டர் நிறுவனம் பிறந்தது.

1964 ஏப்ரலில் காலமானார். மகன்கள் சிவசைலம், கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றனர்.

அப்போ என்ன சிக்கல்?

தாய் நிறுவனத்தின் பங்கு யாரிடம் இருக்கோ, மொத்தக் குழுமமும் அவங்க கையில். அதனால வாரிசுகள் ஆலைகளைத் துண்டு போட வேண்டாம். ஆனா, 1953-ல் வந்த எஸ்டேட் டூட்டி சட்டப்படி, இறந்தவர் பெயரில் உள்ள பங்குகளுக்கும் வரி உண்டு. பெரிய சொத்துகளுக்கு அது 85% வரை போனது. கையில் பணம் இல்லாத வாரிசு பங்கை விற்கணும். பங்கு போனா கம்பெனியும் போயிடும்.

இப்போ எப்படி?

1985-ல் அந்த வரி ஒழிந்தது. வாரிசாகப் பங்கு கிடைத்தால் வரி இல்லை. ஆனா விற்றால், லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. பொதுவா அப்பா வாங்கின விலையை வெச்சுத்தான் அந்த லாபம் கணக்காகும். பழைய பத்திரங்களைப் பத்திரமா வெச்சுக்கோங்க!