கணித மேதை சேர் ஐசாக் நியூற்றன்

உலகம் போற்றும் கணித மேதைகளுள்ளும் பௌதிகவியலாளர்களுள்ளும் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் சேர் ஐசாக் நியூற்றன். அவர் பெயரைக் கேட்டதும் அப்பிள் பழமே எமது நினைவுக்கு வரும். தந்தையை இழந்த ஒரு கிராமத்துப் பிள்ளை அந்த உயர்நிலையை எவ்வாறு அடைந்தான், அவனைக் கைதூக்கிவிட்டவர்கள் யார் என்பது பலர் அறியாத கதையாகும்.

இங்கிலாந்திலே லிங்கன்ஷயர் பகுதியில் உள்ள வூல்ஸ்தோர்ப் என்னும் சிற்றூரில், அக்காலத்து நாட்காட்டியின்படி 1642 ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று நியூற்றன் பிறந்தார். இன்றைய நாட்காட்டியின்படி அது 1643 ஜனவரி 4 ஆகும். அவர் பிறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே தந்தையார் காலமாகிவிட்டார். மூன்று வயதானபோது தாயாரும் மறுமணம் செய்து வேறூர் சென்றுவிட, அம்மம்மாவே அவரை வளர்த்தெடுத்தார்.

மீண்டும் விதவையாகித் திரும்பிவந்த தாயார், மகனைப் பாடசாலையிலிருந்து மறித்துத் தோட்டந்துரவைப் பார்க்கச் சொன்னார். மகனுக்கோ அதில் மனம் செல்லவில்லை. அவரது ஆடுகள் வேலி தாண்டிச் சென்றமைக்காகத் தண்டமும் கட்ட நேர்ந்தது. இவ்வேளையில் தாய்மாமனாரும் பாடசாலைத் தலைமை ஆசிரியரும் தாயாரிடம் பேசி, பிள்ளையை மீண்டும் படிக்க வைத்தனர். அதன் பயனாக 1661 இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் திரினிற்றிக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கு தொடக்கத்தில் வசதிபடைத்தோருக்கு எடுபிடி வேலைகள் செய்து படிக்கும் மாணவராகவே இருந்தார்.

1665 இல் கொள்ளைநோய் பரவியதால் பல்கலைக்கழகம் மூடப்பட, நியூற்றன் ஊர் திரும்பினார். அந்த இரண்டு ஆண்டுகளே அவரது பெருங் கண்டுபிடிப்புகளின் விதைக்காலம். நுண்கணிதத்தின் அடிப்படைகளை அப்போது வகுத்தார். ஒளியைப் பற்றியும் ஆராய்ந்தார். கண்ணாடி அரியமே ஒளிக்கு நிறம் ஊட்டுகிறது என்று அதுவரை கருதப்பட்டது. அரியத்தினாற் பிரிந்த ஒரு நிறத்தை இரண்டாவது அரியத்தினூடாகச் செலுத்தியபோது அந்நிறம் மாறவில்லை. ஆகவே வெண்ணிற ஒளியிலேயே எல்லா நிறங்களும் அடங்கியுள்ளன என்று அவர் கண்டார்.

அப்பிள் பழம் அவரது தலையில் விழுந்தது என்பது கட்டுக்கதை. பழம் விழுவதைக் கண்டு சிந்தித்ததாக முதுமையில் அவரே கூறியுள்ளார். பழத்தை இழுக்கும் விசைதான் சந்திரனையும் இழுக்கிறதோ என்பதே அவரது கேள்வி. பூமியின் மையத்திலிருந்து சந்திரன் ஏறத்தாழ 60 பூமி ஆரைகளுக்கு அப்பால் உள்ளது. தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப விசை குறையுமாயின், அங்கே அது 3600 இல் ஒரு பங்காகும். பழம் முதற் செக்கனில் ஏறத்தாழ 4.9 மீற்றர் விழ, சந்திரன் தன் நேர்ப்பாதையிலிருந்து 1.4 மில்லிமீற்றர் மட்டுமே பூமியை நோக்கி வளைகிறது. கணக்குப் பொருந்துகிறது!

1669 இல் பேராசிரியர் ஐசாக் பரோ பதவி விலக, 26 வயதேயான நியூற்றன் அவரிடத்தில் அமர்ந்தார். அவர் செய்த தெறிப்புத் தொலைகாட்டி 1672 இல் றோயல் கழகத்தில் அங்கத்துவம் பெற்றுத் தந்தது. ஆனால் அவரது ஒளிக் கொள்கையை றொபேட் ஹூக் குறைகூறியபோது மனம் நொந்து ஒதுங்கினார். ஆராய்ச்சிகள் பல அச்சேறாமல் அவரிடமே கிடந்தன.

அவற்றை வெளிக்கொணர்ந்தவர் வானியலாளர் எட்மண்ட் ஹலி. 1684 இல் நியூற்றனைத் தேடிச் சென்று, கோள்களின் பாதை பற்றி வினவினார். அது நீள்வளையம் என்றும் தான் அதனை முன்னரே கணித்துவிட்டதாகவும் நியூற்றன் கூறினார். எழுதிய தாளைத்தான் காணவில்லை! ஹலி விடாது தூண்டியதால், 1687 இல் பிரின்சிப்பியா என்னும் நூல் இலத்தீன் மொழியில் வெளிவந்தது. மீன்களைப் பற்றிய நூலொன்றை அச்சிட்டுப் பணத்தைச் செலவழித்துவிட்ட றோயல் கழகத்தால் உதவ முடியவில்லை. அச்சுச் செலவை ஹலியே ஏற்றார். இயக்க விதிகள் மூன்றும் ஈர்ப்பு விதியும் உலகுக்குக் கிடைத்தது இவ்வாறுதான்.

பிற்காலத்தில் நியூற்றன் அரச நாணயசாலையின் தலைவராகவும், 1703 முதல் றோயல் கழகத் தலைவராகவும் விளங்கினார். 1705 இல் சேர் பட்டம் பெற்றார். எனினும் குறையற்ற மனிதர் அல்லர். நுண்கணிதத்தை முதலிற் கண்டவர் யார் என்று ஜேர்மனிய அறிஞர் லைப்னிற்சுடன் நெடுங்காலம் பிணங்கினார். இருவரும் தனித்தனியே கண்டனர் என்பதே இன்றைய முடிவு. 1727 இல் நியூற்றன் காலமானார்.

அவரது விதிகளைக் கொண்டு, 1682 இல் தோன்றிய வால்வெள்ளி 1758 அளவில் திரும்பும் என ஹலி கணித்திருந்தார். அது 1758 இறுதியில் தோன்றியபோது இருவரும் உயிருடன் இல்லை. அதே வால்வெள்ளி 1986 இலும் வந்துபோனது. அடுத்து 2061 இல் வரும்.

மாமனாரும் ஆசிரியரும் அன்று தாயாரிடம் பேசாதிருந்தால், அந்தப் பிள்ளை தோட்டத்தோடு நின்றிருப்பான். ஹலி இல்லாதிருந்தால் அந்தத் தாள்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும். எமது ஊரிலும் படிப்பு இடைநிற்கும் பிள்ளைகள் உள்ளனர். அவர்களுக்காகப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை பேசுவது எம் ஒவ்வொருவராலும் முடியும்.