பிளேக் பயத்தை விரட்டிய நிவேதிதா தேவி

பாரதியார் தம் குருவாகப் போற்றியவர் நிவேதிதா தேவி. பாரதியார் பத்து வருஷம் வாழ்ந்தது புதுச்சேரியில். ஆகையால் வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட அம்மையாரின் பெயர் புதிதல்ல. ஆனால் பிளேக் காலத்தில் அவர் துடைப்பம் ஏந்திய கதை பலருக்குத் தெரியாது.

அயர்லாந்தில் 1867-ல் பிறந்த மார்கரெட் நோபிள், லண்டனில் பள்ளி ஆசிரியையாக இருந்தார். அங்கே 1895-ல் விவேகானந்த சுவாமிகளைச் சந்தித்தார். 1898 ஜனவரியில் கல்கத்தா வந்து இறங்கினார். இரண்டு மாதத்தில் சுவாமிகள் அவருக்கு நிவேதிதா என்று பெயர் சூட்டினார்.

அந்த ஏப்ரலிலேயே கல்கத்தாவில் பிளேக் தலைகாட்டியது. நோயைவிட வதந்தி வேகமாகப் பரவிற்று. பலவந்தமாக ஊசி போடுவார்கள், ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவார்கள் என்று ஜனங்கள் நடுங்கினார்கள். புனாவில் முந்திய வருஷம் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட்ட கதை நாடெங்கும் தெரிந்ததுதானே! மூட்டை முடிச்சுடன் ஆயிரக்கணக்கானோர் நகரத்தை விட்டு ஓடினார்கள்.

அக்காலத்தில் நம் கிராமங்களில் பெரியம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகினார்கள். அம்மை வார்த்திருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார்கள். நோயாளியிடம் கடுஞ்சொல் பேசியதில்லை. வைத்தியம் என்ற முறையில் அதில் குறை சொல்லலாம். ஆனால் படுத்திருந்தவர் தாம் கைவிடப்பட்டதாக நினைக்க அதில் இடமிருக்கவில்லை. புதிதாக வந்த பிளேக்குக்கு அப்படி ஒரு வழக்கம் ஏது? பேரைக் கேட்டாலே ஓட்டந்தான்.

டார்ஜிலிங்கிலிருந்து விரைந்து திரும்பிய சுவாமிகள், வங்காளியிலும் ஹிந்தியிலும் ஓர் அறிக்கை தயாரித்தார். வீட்டையும் துணிமணிகளையும் சுத்தமாக வைக்கவும், பழைய உணவை விலக்கவும் அதில் சொல்லியிருந்தார். அதோடு நிற்கவில்லை. வதந்தியை நம்பாதீர்கள், மனத்தை எப்போதும் உற்சாகமாக வைத்திருங்கள், பயந்தவன் பயத்தினாலேயே பலமுறை சாகிறான் என்றும் எடுத்துரைத்தார். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டபோது, மடத்துக்கென்று புதிதாக வாங்கிய நிலத்தையே விற்கத் தயாரானார்.

அவ்வருஷம் ஆபத்து அதிகமின்றிக் கழிந்தது. 1899 மார்ச்சில் பிளேக் மறுபடி வந்தது. ராமகிருஷ்ண மிஷன் அமைத்த நிவாரணக் குழுவுக்கு நிவேதிதா காரியதரிசி. சதானந்த சுவாமி தோட்டிகளுடன் சேரிகளில் இறங்கிக் குப்பையை அள்ளினார். அம்மையார் பத்திரிகைகளில் நிதி கேட்டு எழுதினார். ஏப்ரல் 22-ந் தேதி கிளாசிக் தியேட்டரில் மாணவர்களுக்குப் பிரசங்கம் செய்தார்; சுவாமிகள் தலைமை வகித்தார். சுமார் பதினைந்து மாணவர்கள் தொண்டுக்கு முன்வந்தார்கள்.

ஒரு நாள் பாக்பஜார்ச் சந்து ஒன்றில் குப்பை அள்ள ஆள் வரவில்லை. அம்மையார் தாமே துடைப்பத்தை எடுத்துப் பெருக்கத் தொடங்கிவிட்டார். வெள்ளைக்காரப் பெண்மணி தெருப் பெருக்குவதா! வேடிக்கை பார்த்த வாலிபர்கள் வெட்கிப்போய் அவர் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டார்கள். அச்சத்தால் கதவடைத்திருந்த சந்தில் ஆள் நடமாட்டம் வந்தது. ஆயிரம் நோட்டீஸ் ஒட்டினாலும் இது நடந்திருக்குமா?

டாக்டர் ராதா கோவிந்த கர் அச்சமயம் அதே பாக்பஜாரில், சேரிக் குடிசை ஒன்றில் பிளேக் கண்ட ஒரு குழந்தைக்கு வைத்தியம் பார்த்தார். தாயை ஏற்கெனவே பிளேக் கொண்டுபோய்விட்டது. பிழைப்பது அரிது என்று நிவேதிதாவிடம் டாக்டர் சொல்லிவிட்டார். பிற்பகல் திரும்ப வந்து பார்த்தால், ஈரம் கசியும் அந்தக் குடிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அம்மையார் உட்கார்ந்திருந்தார். இரவும் பகலும் அங்கேயே இருந்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டியிருந்தபோது, சிறிய ஏணி வைத்துத் தாமே அடித்தார். இரண்டு நாளில் அவர் மடியிலேயே குழந்தையின் உயிர் பிரிந்தது.

பிறகு பெண்கள் பள்ளிக்கூடம், எழுத்து, தேச விடுதலை என்று அவர் வாழ்க்கை ஓடியது. பாரதியார் 1908-ல் தம் ஸ்வதேச கீதங்களை அவருக்கே காணிக்கையாக்கினார். அவ்வருஷமே புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்தார். அம்மையார் 1911 அக்டோபர் 13-ந் தேதி டார்ஜிலிங்கில் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று.