மூச்சை அளந்த விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க்

முன்னுரை

இந்தத் தாளில் வழக்கமாக காமராசர், பாரதியார், மேரி கியூரி என்று நமக்கு நல்லாத் தெரிந்தவர்களைப் பற்றித்தான் எழுதுவோம். நான் இந்த முறை அறிவியல் உலகில் பெரிய பேர் வாங்கிய, ஆனால் நம் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

எங்க அத்தைக்குப் போன வருஷம் மார்பில் புற்றுநோய் வந்தது. பார்க்க வந்தவங்க எல்லாரும், சீனி சாப்பிட்டா கட்டி வளரும், சீனியை நிறுத்தினா கட்டி பட்டினி கிடந்து செத்துப்போகும்னு சொன்னாங்க. அத்தை முதலில் சீனியை விட்டாங்க. அப்புறம் கருப்பட்டியை விட்டாங்க, வாழைப்பழத்தை விட்டாங்க. கடைசியில் சோற்றையும் விட்டுட்டாங்க. கையில் வளையல் நிற்காத அளவுக்கு மெலிஞ்சுட்டாங்க. இந்தப் பேச்சு எங்கேயிருந்து வந்தது என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவங்க சொன்ன பெயர்தான் ஓட்டோ வார்பர்க்.

பிறப்பும் கல்வியும்

வார்பர்க் 1883-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் ஜெர்மனி நாட்டில் ஃபிரைபர்க் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை எமில் வார்பர்க் புகழ்பெற்ற இயற்பியல் பேராசிரியர், யூத வம்சத்தைச் சேர்ந்தவர். தாய் கிறிஸ்தவர். வார்பர்க் 1906-இல் பெர்லினில் எமில் ஃபிஷர் என்ற பெரிய வேதியியல் அறிஞரிடம் படித்து டாக்டர் பட்டம் வாங்கினார். அதோடு நிற்கவில்லை. 1911-இல் ஹைடெல்பர்க்கில் மருத்துவத்திலும் பட்டம் வாங்கினார். புற்றுநோய்க்கு ஒரு வழி காண வேண்டும் என்பது அவருடைய இளவயது ஆசை.

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துக் கடற்கரை ஆய்வுக்கூடத்தில் கடல் முள்ளெலியின் முட்டைகளை வைத்து ஆராய்ந்தார். முட்டை கருவுற்றவுடன் அது எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் சுமார் 6 மடங்கு கூடுவதை 1908-இல் கண்டார். வேகமாக வளரும் செல் எப்படி மூச்சு விடுகிறது என்ற கேள்வி அன்றிலிருந்து அவரை விடவே இல்லை.

போர்க்களமும் ஒரு கடிதமும்

முதல் உலகப் போர் வந்ததும் அவர் குதிரைப் படையில் சேர்ந்தார். காயம் பட்டார், பதக்கமும் வாங்கினார். இப்படிப்பட்ட மூளை போரில் வீணாகிவிடக் கூடாது என்று தந்தையின் நண்பர் ஒருவர் 1918-இல் அவருக்குக் கடிதம் எழுதி ஆராய்ச்சிக்குத் திரும்பச் சொன்னார். அந்த நண்பர் யார் தெரியுமா? ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்! வார்பர்க்கும் பெர்லினுக்குத் திரும்பினார்.

புளிக்கும் செல்கள்

1920-களில் அவர் எலியின் புற்றுக்கட்டியை மிக மெல்லிய சீவல்களாக வெட்டி, சின்னக் கண்ணாடிக் குடுவையில் போட்டார். குடுவையோடு ஒரு வளைந்த குழாய். அதில் திரவம். சீவல் ஆக்சிஜனை உறிஞ்சினால் காற்றின் அழுத்தம் குறையும், குழாயில் திரவத்தின் மட்டம் மாறும். அதை வைத்துச் செல்லின் மூச்சையே அளந்துவிட்டார்!

நம் உடம்பின் செல்கள் ஆக்சிஜன் இருந்தால் குளுக்கோஸை எரித்து கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் ஆக்கும். ஆக்சிஜன் போதாவிட்டால்தான் அதை லாக்டிக் அமிலமாக மாற்றும். தயிரும் இட்லி மாவும் புளிக்கிறதே, அதுவும் இதே அமிலத்தால்தான். ஆனால் புற்றுக்கட்டியின் செல்கள் ஆக்சிஜன் நிறைய இருக்கும்போதே குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக்கின. இந்த முறையில் கிடைக்கும் ஆற்றல், எரிக்கும்போது கிடைப்பதில் சுமார் 15-இல் 1 பங்குதான். அதனால் அவை அதிகமான குளுக்கோஸை வாரி எடுத்துக்கொள்கின்றன. இதற்கு இன்று வார்பர்க் விளைவு என்று பெயர்.

நோபல் பரிசும் நாஜிகளும்

1931-இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இங்கேதான் நிறைய பேர் தப்பாகச் சொல்கிறார்கள். சர்க்கரையால் புற்றுநோய் வருகிறது என்று கண்டுபிடித்ததற்காக அந்தப் பரிசு தரப்படவில்லை. செல் மூச்சு விட உதவும் நொதி எது, அது எப்படி வேலை செய்கிறது என்று கண்டதற்காகத்தான் தரப்பட்டது. அவரிடம் வேலை பார்த்த ஹான்ஸ் கிரெப்ஸும் 1953-இல் நோபல் பரிசு பெற்றார். அக்கா, அண்ணன்கள் மேல்வகுப்பில் படிக்கும் கிரெப்ஸ் சுழற்சி அவருடையதுதான்.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத வம்சத்து விஞ்ஞானிகள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். கிரெப்ஸும் இங்கிலாந்து போய்விட்டார். வார்பர்க் போகவில்லை. 1941-இல் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். பிறகு புற்றுநோய் ஆராய்ச்சிக்காகத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

பிடிவாதம்

வார்பர்க் ரொம்பப் பிடிவாதக்காரர். செல்லின் மூச்சு கெட்டுப்போவதுதான் புற்றுநோய்க்கு மூலகாரணம் என்று கடைசி வரை சொன்னார். 1966-இல் லிண்டாவ் நகரில் பேசியபோதும் அதையே சொன்னார். 1970 ஆகஸ்ட் 1-இல் தம் 86-ஆம் வயதில் பெர்லினில் காலமானார்.

அவர் அளந்தது சரி. அதற்கு அவர் சொன்ன காரணம்தான் சரியில்லை. பெரும்பாலான புற்று செல்களில் மூச்சு கெட்டுப்போவதில்லை, அவை ஆக்சிஜனையும் பயன்படுத்துகின்றன என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். புற்றுநோயின் தொடக்கம் ஜீன்களில் ஏற்படும் மாற்றம்.

ஆனாலும் அவருடைய கண்டுபிடிப்பு வீண் போகவில்லை. பெட் ஸ்கேன் எடுக்கும்போது கதிர்வீச்சுள்ள குளுக்கோஸ் போன்ற மருந்தை ஊசியில் போடுவார்கள். புற்றுக்கட்டி அதை வாரி எடுப்பதால் படத்தில் பளிச்சென்று தெரியும். அதே படத்தில் மூளையும் பளிச்சென்று தெரியும். ஏனென்றால் மூளைக்கும் குளுக்கோஸ்தான் சாப்பாடு!

அப்படியானால் சீனி?

நாம் சீனியே சாப்பிடாவிட்டாலும், பட்டினியே கிடந்தாலும், கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். தேவைப்பட்டால் சதையில் உள்ள புரதத்தைக் கரைத்துக்கூடத் தயாரிக்கும். அதனால் சோற்றை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது. நோயாளிதான் மெலிந்துபோவார்.

அதற்காகச் சீனியை அள்ளித் தின்னலாம் என்று நினைக்காதீர்கள். அதிகச் சீனி உடல் பருமனைக் கொண்டுவரும். உடல் பருமன் 13 வகைப் புற்றுநோய்களுக்கான ஆபத்தைக் கூட்டுகிறது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016-இல் அறிவித்தது. ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சீனி 25 கிராமுக்குள், அதாவது 6 தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்பது 2015-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு. கலர் குடிக்கும் நாமும் இதைக் கவனிக்க வேண்டும்.

முடிவுரை

எடை இப்படிக் குறைந்தால் மருந்தை உடம்பு தாங்காது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் அத்தைக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னாங்க. நானும் வார்பர்க் கதையைச் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி அத்தை ரசம் சோறு சாப்பிட்டாங்க. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எங்க அப்பா எழுந்து வெளியே போயிட்டாங்க. வைத்தியம் இன்னும் நடக்கிறது. ஊசி போடப் போகும் நாட்களில் அத்தை இப்போது சாப்பிட்டுவிட்டுத்தான் போறாங்க.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால், அவர்கள் தட்டில் இருக்கும் சோற்றை எடுத்துவிடச் சொல்லாதீர்கள். எதைச் சாப்பிடலாம், எதை விடலாம் என்று வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி